செட்டிநாட்டுப் பழைய வீடுகளும் வளர்கிற ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் பூர்வீக வீடு உள்ளவர்களும், அந்த ஊர்களில் குடியிருப்பவர்களும், வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு "ஐயோ, இப்படி விட்டுட்டாங்களே" என்று சொல்லிப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் அபிப்பிராயம் தாராளமாகவே கலந்திருக்கிறது. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான விவரம் மட்டும்தான். உங்கள் வீட்டு விவகாரத்துக்குப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

செட்டிநாடு என்றால் எந்த ஊர்கள்?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஊர்கள். ஒருகாலத்தில் 96 ஊர்கள் என்பார்கள், இப்போது எழுபத்துச் சொச்சம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்றவை பேரூராட்சிகள். மற்றதில் பெரும்பாலானவை கிராமங்கள்தான், ஆனால் தெருக்களைப் பார்த்தால் கிராமம் என்று சொல்ல மாட்டீர்கள். நேர்கோடாக ஓடும் தெருக்கள், ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை வாசல் என்று நீண்டு கிடக்கும் வீடுகள், ஊருக்கு நடுவே ஊரணி.

இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் கட்டினார்கள், ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

பெரும்பாலான பெரிய வீடுகள் 19-ம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940-கள் வரைக்குள் கட்டப்பட்டவை. பணம் வந்தது பர்மா, இலங்கை, மலேயா பக்கம் நடந்த வட்டித் தொழிலிலிருந்து. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. ஆண்கள் கடல் கடந்து தொழில் பார்க்க, வீட்டையும் ஊரையும் ஆச்சிகள், அதாவது வீட்டுப் பெண்கள், நடத்தினார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றி ஓர் அறை, தனி அடுப்பு, ஆனால் கூரை ஒன்றுதான்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பணமாக வரவேண்டியது நிலமாக வந்து உட்கார்ந்துகொண்டது. 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. வருமானம் நின்றுவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கட்டின காசு வெளியிலிருந்து வந்தது, பராமரிக்கிற காசும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

வளர்ச்சிதானே இந்த வீடுகளை அழிக்கிறது?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். காரைக்குடியில் பேருந்து நிலையம், கடைத்தெரு பக்கம் நிலத்தின் விலை ஏறி, அதனால் வீடு இடிபடுவது உண்மை. ஆனால் நிலத்துக்குப் பெரிய விலை இல்லாத, புதுக் கட்டடமே வராத ஊர்களிலும் வீடுகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே எந்த வளர்ச்சி வந்து இடித்தது?

பூட்டின வீட்டை நாலு ஐப்பசி மழையே சாய்த்துவிடும். சாவி யாரிடம் இருக்கிறது, செலவை யார் பங்கு போடுவது, வருஷத்தில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது, இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற வீடு நிற்கிறது. பதில் இல்லாத வீடு விழுகிறது. மரபா வளர்ச்சியா என்று மேடை போட்டுப் பேசும்போது இந்த மூன்றும் மறைந்துவிடுகின்றன.

ஒரு வீட்டின் வளவில் நின்று சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒவ்வொரு விதமான பூட்டு. ஒன்று பித்தளை, ஒன்று துருப்பிடித்த திண்டுக்கல் பூட்டு, ஒன்றில் நம்பர் பூட்டு, ஒன்றில் பூட்டே இல்லாமல் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஓர் அறையின் ஓடு உடைந்து உள்ளே மழை இறங்குவது சுவரில் கோடாகத் தெரிந்தது. அந்த அறைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், போன் நம்பர் மாறிவிட்டது. பக்கத்து அறைக்காரருக்குத் தன் பங்குச் சுவர் ஊறுவது தெரியும், ஆனால் பூட்டை உடைத்து உள்ளே போனால் அது வேறு பஞ்சாயத்தாகிவிடும்.

வீட்டை இடித்தால் அந்தத் தேக்கும் தூணும் எங்கே போகின்றன?

இடிப்பது என்று நாம் சொல்வது உண்மையில் பிரிப்பது. அதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் போவது கையில் தூக்கிப்போகிற சாமான்: பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், கடிகாரம், நிலைக்கண்ணாடி. அடுத்து கதவும் நிலையும், பிறகு தூண்கள், பிறகு கூரையைக் கழற்றி உத்திரமும் சட்டமும். தரையில் ஆத்தங்குடி கல்லோ (உள்ளூரில் கையால் செய்யும் பூ வேலைத் தரைக்கல்) இத்தாலிப் பளிங்கோ இருந்தால் அதையும் பெயர்ப்பார்கள். கடைசியில் செங்கல்லும் காறையும் லோடு கணக்கில் பள்ளம் நிரப்பப் போகும். இரண்டு தெருவுக்கும் வாசல் இருக்கும் மனை என்பதால் நடுவில் கோடு போட்டு பிளாட்டாக விற்பதும் சுலபம். பல நேரம் வீட்டை வீடாக விற்றால் கிடைப்பதைவிட, பிரித்து விற்றால்தான் அதிகம் கிடைக்கிறது. உரிமையாளரைத் திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. கடை வைப்பது குற்றமில்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ன்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே முடியாது. 1912-ல் கட்டின வீட்டின் கதவு இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. "பழைய மரம்தானே" என்று கண்டெய்னரில் ஏற்றச் சம்மதிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

என் வீடு, நான் இடிக்கிறேன். யார் கேட்பது?

இன்றைய நிலவரத்தில், பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு மட்டும் கடுமையான விதி உண்டு. 2010 திருத்தத்துக்குப் பிறகு அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பக்கத்தில் திருமயம் கோட்டை அந்த வகை. மாநிலத் தொல்லியல் துறைக்கும் 1966-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. தனியார் குடியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் வராது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே நிறைவேறியது, ஆனால் அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் போன வீடுகள் போனவைதான்.

அதற்காக நாளைக்கே எல்லா வீட்டையும் பட்டியலில் சேர்த்து "கை வைக்காதே" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. உதவி இல்லாமல் தடை மட்டும் போட்டால், இடிக்கிறவர் இடிப்பதை நிறுத்திவிட்டு அது தானாக விழக் காத்திருப்பார். தடையும் மானியமும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும்தான் வரும் என்றால் மானியம் முதலில் வரட்டும்.

பங்காளிகள் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. மற்றதெல்லாம் கொத்தனார் வேலை.

ஒரு தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பங்கு இருப்பது சாதாரணம். அதோடு பெண்களின் பங்கையும் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், பிறகு நாடு முழுக்க 2005 திருத்தம், கடைசியாக 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வரிசையாக வந்து, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்பது உறுதியாகிவிட்டது. அத்தையையும் அக்காவையும் விட்டுவிட்டுப் போட்ட உடன்படிக்கை பின்னால் கோர்ட்டில் வந்து நிற்கும்.

பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. விற்க முடியும்தான். ஆனால் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், பிரிவினைச் சட்டம் 1893, பிரிவு 4-ன்படி அந்தப் பங்கை மதிப்புப் போட்டுக் குடும்பத்தில் உள்ள பங்குதாரரே வாங்கிக்கொள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: வீட்டைத் துண்டு போட முடியாது என்ற நிலையில், பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்டால் முழுச் சொத்தையும் விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு என்று போனால் வீடு தப்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

வழக்குக்குப் போகாமல் சமாளித்த குடும்பங்களில் நான் கவனித்தது, அவர்கள் வீட்டைப் பிரிப்பதைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை, செலவைப் பிரிப்பதை மட்டும் பேசினார்கள். கோயிலுக்குப் புள்ளிவரி கட்டும் பழக்கம் நகரத்தாருக்குப் புதிதில்லை. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு. அதே கணக்கை வீட்டுக்கும் போட்டு, ஒரு வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வருஷம் ஒருமுறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக் கூடும்போது வரவு செலவை உரக்கப் படிப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறைகிறது. கொஞ்சம் வசதியான குடும்பங்கள் டிரஸ்ட் ஆக்கிவிடுகின்றன. அப்புறம் யாரும் தனியாக விற்க முடியாது. ஆனால் டிரஸ்ட் ஆக்க எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கையெழுத்துக்காகத்தான் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

படைப்பு இருக்கிற வீடு தப்பிக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முன்னோருக்குப் படைக்க வருஷத்துக்கு ஒருமுறையாவது கதவு திறக்கிறது, ஓடு உடைந்தது யார் கண்ணிலாவது படுகிறது.

கையில் பெரிய பணம் இல்லை. முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கூரை. அப்புறம் கூரை. அதன்பிறகு மழைநீர் வெளியேறும் வழி. பெயிண்ட் கடைசி, ஆனால் எல்லாரும் பெயிண்டில்தான் தொடங்குகிறார்கள், முகப்பு பளபளவென்று இருக்கும், உள்ளே உத்திரம் கரையான் அரித்துப் பொடியாகிக்கொண்டிருக்கும்.

வளவைச் சுற்றி நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவுகள் சேருகிற கூடல்வாயில்தான் தண்ணீர் மொத்தமும் ஓடும். அங்கே தகரம் ஓட்டை விழுந்தாலோ இலை அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் நேராகத் தேக்கு உத்திரத்தின் முனைக்குப் போகும். உத்திரத்தின் முனைதான் சுவருக்குள் புதைந்திருக்கும் இடம், கண்ணுக்கும் தெரியாது, காற்றும் படாது. அங்கே உளுத்தால் ஒருநாள் கூரையே உட்கார்ந்துவிடும். புரட்டாசிக்குள் ஒரு ஆளை ஏற்றி இலையைக் கூட்டி, உடைந்த ஓடுகளை மாற்றி, கூடல்வாயைப் பார்த்துவிட்டாலே அந்த வருஷத்தை ஓட்டிவிடலாம்.

அடுத்தது அரசங்கன்று. காக்காய் போட்ட விதை சுவர் இடுக்கில் முளைத்துவிடும். மேலே தெரிவதை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், வேர் உள்ளேயே பருத்துச் சுவரைப் பிளக்கும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். பருத்துவிட்டால் மருந்து வைத்து வேரைச் சாகடித்து, அந்த இடத்துக் கல்லைப் பிரித்து எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, சிமெண்ட். பழைய சுவர் சுண்ணாம்புக் காறையில் கட்டியது, அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும், வரும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிய செட்டிநாட்டுப் பூச்சை இன்றும் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். கூலி அதிகம், நாள் அதிகம் பிடிக்கும். எல்லாச் சுவருக்கும் அது வேண்டாம். சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும் போதும், ஆனால் சுண்ணாம்பாக இருக்கட்டும்.

ஏசி, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் போட்டால் மரபு கெட்டுப்போகாதா?

போகாது. வயதான ஆச்சி ராத்திரியில் கொல்லை வரை நடக்க முடியாது என்றால் டாய்லெட்டை உள்ளேதான் போட வேண்டும். மரத்தூணும் உத்திரமும் இல்லாத, வளவுக்கு அடுத்த இரண்டாங்கட்டிலோ அதற்குப் பின்னாலோ போடுங்கள், குழாயைப் பழைய சுவருக்குள் புதைக்காமல் வெளியே ஓட்டுங்கள், ஏசித் தண்ணீர் சுவரில் வழியாமல் பாருங்கள். ஆனால் வயரிங்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த தேக்கும் பழைய துணிச்சுற்று ஒயரும் ஒரே வீட்டில் இருப்பது நல்லதில்லை.

ஹோட்டலாக மாற்றிவிட்டால் வீடு பிழைத்துவிடுமா?

சில வீடுகள் அப்படிப் பிழைத்திருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் எல்லாம் குடும்ப வீடுகளாக இருந்து விருந்தினர் தங்கும் இடங்களானவை. சாரதா விலாஸைச் சீர்செய்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள். கூரை ஒழுகவில்லை, தூண் பளபளக்கிறது, உள்ளூரில் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் எத்தனை ஹோட்டலை இந்த ஊர்கள் தாங்கும்? ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கிற வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளுக்குத்தான் அந்த வழி. மார்ச் முதல் ஜூன் வரை அடிக்கிற வெயிலில் யார் வந்து தங்குவார்கள் என்பதும் ஒரு கேள்வி. மற்ற வீடுகளுக்குச் சின்ன உபயோகம் வேண்டும்: ஒரு பக்கம் டாக்டர் கிளினிக், ஒரு பக்கம் தையல் வகுப்பு, கல்யாணக் கொட்டகையைச் சின்ன விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுவது, வாசகசாலை, கண்டாங்கிச் சேலைத் தறி. பெரிய வருமானம் வராது. ஆனால் கூடல்வாயில் அடைத்த இலையைக் கூட்ட ஆள் வைக்கிற அளவுக்கு வரும்.

சினிமாப் படப்பிடிப்புக்கு விடுவது பற்றியும் கேட்கிறார்கள். விடலாம். ஆணி அடிக்கக் கூடாது, தரையில் டிராலி தண்டவாளம் போட்டால் அடியில் பலகை போட வேண்டும், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு விடுங்கள்.

அதற்காக ஊர் வளரவே கூடாதா? எங்களுக்கும் நல்ல ரோடு, பஸ், ஆஸ்பத்திரி வேண்டாமா?

வேண்டும். இந்த ஊர்கள் புதுமைக்கு எதிரான ஊர்களே இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் அந்தக் காலத்து மாடர்ன் சமாச்சாரம்தானே.

வளர்ச்சி எப்படி வருகிறது என்பதில்தான் சிக்கல். ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேலே இன்னொன்று என்று போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப் போக வேண்டிய திண்ணை இப்போது இரண்டு படியாகிவிட்டது, சில இடங்களில் ரோடும் வாசலும் ஒரே மட்டம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்குகிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசே 2021-ல் அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் ரோடு போட வருகிற அன்றைக்கு அதைக் கேளுங்கள், மறுநாள் கேட்டுப் பிரயோஜனமில்லை.

இந்த ஊர்களின் தண்ணீர்க் கணக்கு தனி அழகு. கூரையில் விழும் மழை வளவுக்கு, வளவிலிருந்து வாய்க்காலுக்கு, அங்கிருந்து தெரு வழியாக ஊரணிக்கு. வறண்ட பூமி என்பதால் ஒரு சொட்டையும் வீணாக்காத ஏற்பாடு. அந்த வாய்க்கால் மேல் சிமெண்ட் பலகை போட்டுக் கடை வைத்துவிட்டோம், ஊரணியில் சாக்கடையை விட்டோம், பிறகு கோடையில் லாரித் தண்ணீருக்கு நிற்கிறோம். ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைத் தூர்வாருவதுதான் என்னைக் கேட்டால் இங்கே முதல் வளர்ச்சித் திட்டம், முதல் மரபுப் பாதுகாப்பும் அதுதான். முகப்புக்கு விளக்குப் போட்டு அழகுபடுத்தும் திட்டத்துக்கு நிதி கிடைப்பது சுலபம், இதற்குக் கிடைப்பதில்லை.

பெரிய கட்டடங்களை, பேருந்து நிலைய விரிவை, வணிக வளாகத்தைப் பழைய தெருக்களுக்கு வெளியே புறவழிச்சாலை பக்கம் கொண்டுபோவது நல்ல யோசனை. பழைய தெருவுக்குள் உயரக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் போதும். இரண்டு மாடி ஓட்டு வீடுகளுக்கு நடுவில் ஐந்து மாடி எழுந்தால் வெளிச்சமும் போகும், காற்றும் போகும், வளவுக்குள் எட்டிப்பார்க்க ஐந்து மாடி ஜன்னலும் வந்துவிடும்.

அகமதாபாத்தில் கட்டட உரிமையை விற்கலாமாமே, அது இங்கே வராதா?

அகமதாபாத்தில் மரபு வீட்டை இடிக்காமல் பராமரிப்பவருக்கு, அவர் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை நகரில் வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்க அனுமதி உண்டு. அந்தப் பணத்தில் வீட்டைச் சீர்செய்யலாம். அருமையான ஏற்பாடு, ஆனால் கூடுதல் மாடிக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிற பெரிய நகரத்துக்கு. காரைக்குடியில் முயன்று பார்க்கலாம். பள்ளத்தூரில் யார் வாங்குவார்கள்? சின்ன ஊருக்குச் சொத்துவரிச் சலுகை, கூரைப் பழுதுக்குச் சிறு மானியம், சுண்ணாம்பும் தேர்ந்த கொத்தனாரும் ஒரே இடத்தில் கிடைக்க ஒரு கூடம் என்று எளிமையாக யோசிப்பது மேல்.

யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டால்?

2014-ல் இந்தியா செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. தற்காலிகப் பட்டியல் என்றால் "பின்னால் விண்ணப்பிக்க உத்தேசம்" என்று மட்டும்தான் பொருள். பணமும் வராது, பாதுகாப்பும் வராது.

முழுப் பட்டியலில் வந்தாலும் கவலை தீராது. நம்மவர்கள் தொழில் செய்த, மலேசியாவின் பினாங்கையே பாருங்கள். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008-ல் உலக மரபிடமானது. அதற்கு முன்பே, 2000-ல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் பல காலம் குடியிருந்தவர்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். பட்டியலுக்குப் பிறகு காபிக்கடையும் தங்கும் விடுதியும் பெருகின. கட்டடம் நின்றது, குடித்தனம் போனது. ஆனால் அங்கே 2009-லிருந்து திங்க் சிட்டி என்ற அமைப்பு மூலம் பழுதுபார்க்கச் சிறு மானியம் கொடுத்தார்கள், அதை நாம் காப்பியடிக்கலாம், தப்பில்லை. பட்டியலில் வந்தால் நிரந்தரம் என்றும் இல்லை: ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியதற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் 2009-லும், துறைமுகப் பக்கத்து புதுக் கட்டடங்களுக்காக லிவர்பூல் 2021-லும் நீக்கப்பட்டன.

புது வீட்டை "செட்டிநாடு ஸ்டைலில்" கட்டலாமா?

உங்கள் இஷ்டம். கான்கிரீட் தூணுக்கு மரக்கலர் அடிப்பதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. அதைவிட வீட்டுக்கு நடுவே திறந்த முற்றம், தெருவை ஒட்டித் திண்ணை, தரைக்கு ஆத்தங்குடி கல் என்று மூன்றைச் செய்தால் வீடும் குளிர்ச்சியாக இருக்கும், கை வேலைக்காரருக்கும் வருமானம்.

ஆத்தங்குடி கல் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். சதுரச் சட்டத்துக்குள் கண்ணாடித் தட்டு, அதன்மேல் பூ அச்சு, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு வர்ணக் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, பிறகு கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது. காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடியில் இருந்து கல் தானாகக் கழன்று வரும், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும், துடைக்காவிட்டால் மங்கும். ஆளில்லாத பண்ணை வீட்டுக்கு வாங்கிப் போட்டுவிட்டு "குவாலிட்டி சரியில்லை" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நகரத்தார் வீடுகள் மட்டும்தான் மரபா?

இந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது, அடிக்கடி வந்திருக்க வேண்டும். அந்த வீடுகளின் தூணைக் கடைந்த ஆசாரிகள், சுவரைப் பூசிய கொத்தனார்கள், சமையல்கட்டை நடத்தியவர்கள், கண்டாங்கி நெய்தவர்கள் எல்லாருக்கும் இங்கே தெருக்கள் உண்டு. சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். அவற்றை எந்தப் பட்டியலிலும் காணோம், புகைப்படக்காரரும் போவதில்லை. அரசு வீட்டுத் திட்டத்தில் பணம் கிடைத்ததும் அவர்கள் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒழுகாத வீட்டுக்கு அவர்களுக்கும் ஆசை இருக்காதா? ஓட்டு வீட்டையே ஒழுகாமல் பழுதுபார்க்க அதே அளவு உதவி கிடைத்தால் அப்போது பேசலாம். சுண்ணாம்புக் கொத்தனாரின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை என்றால், பெரிய வீட்டை யாரை வைத்துச் சீர்செய்வீர்கள்? அவருக்கு வருஷம் முழுக்க வேலையும் நல்ல கூலியும் இருப்பதும் மரபுப் பாதுகாப்புச் செலவில்தான் சேரும்.

வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். ஆத்தங்குடி பெரிய வீடு போன்ற சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். மற்ற இடங்களில் திண்ணையில் நின்று குரல் கொடுங்கள், வாட்ச்மேனோ ஆச்சியோ சரி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம், அது ஒருவர் குடியிருக்கும் வீடு. வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுங்கள், கூடல்வாயில் ஏறி இலை கூட்டுகிறவர் பல வீடுகளில் அவர்தான். போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் உள்ளே இருக்கிற சாமான்களையும் பின்வாசல் எங்கே என்பதையும் ஊர், தெரு பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். திருடர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.